உயர்கல்வி என்ற சொல்லில் விடுபட்டவர்கள்

ஆய்வுக்காகக் கடலூர் மாவட்டத்துச் சேரி ஒன்றில் வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பிக்கொண்டிருந்தேன். பதினேழாவது கேள்வி: ‘உங்கள் குடும்பத்தில் உயர்கல்வி பயின்றவர்கள் எத்தனை பேர்?’ நூறு நாள் வேலை முடித்து வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா யோசிக்காமல் பதில் சொன்னார். “அந்த மாதிரி பெரிய படிப்பெல்லாம் எங்க வூட்டுல யாரும் படிக்கலம்மா.” சுழியம் என்று எழுதிக்கொண்டேன்.

கிளம்பும்போது பேச்சுவாக்கில், “பசங்க பத்தாவதோட நின்னுட்டாங்களாம்மா?” என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏன் நிக்கணும்? மூணு பேரையும் பத்துக்கு மேல படிக்க வெச்சிருக்கேன். பெரியவன் ஐடிஐ, ஃபிட்டரு. பொண்ணு பன்னண்டு முடிச்சுட்டு நர்சு படிப்பு ரெண்டு வருசம் படிச்சுது. சின்னவன் பாலிடெக்னிக் போனான், ரெண்டாவது வருசத்துல நின்னுட்டான்.”

கையில் இருந்த தாளைப் பார்த்தேன். அதில் சுழியம் இருந்தது. மூன்று பிள்ளைகளை ஒற்றை ஆளாகப் பள்ளிக்கு அப்பால் அனுப்பிய ஒரு பெண்ணின் இருபது வருட உழைப்பை என் கேள்வியில் இருந்த ஒரு சொல் அழித்துவிட்டது. அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது அரசும் இல்லை, ஆதிக்கச் சாதியும் இல்லை. அதே மாதிரியான ஒரு தெருவிலிருந்து வந்து முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கும் நான்தான்.

அன்றிலிருந்து ‘உயர்கல்வி’ என்ற சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்த அம்மா பயன்படுத்திய சொல் ‘மேல’. ‘பத்துக்கு மேல.’ தமிழில் ‘மேல்’ இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, அடுக்கைக் காட்டுவது: மேல்மாடி, மேலதிகாரி, மேல்சாதி. மற்றொன்று, தொடர்ச்சியைக் காட்டுவது: இனிமேல், மேற்கொண்டு, அதற்கு மேல். ‘மேல படிக்க வைக்கணும்’ என்று நம் வீடுகளில் சொல்லும்போது இந்த இரண்டாவது பொருள்தான் முதலில் நிற்கிறது. நிறுத்தாமல் மேற்கொண்டு படிக்க வைக்க வேண்டும் என்று அர்த்தம். ‘உயர்’ என்ற சொல்லுக்கு இந்த இரண்டாவது வேலை தெரியாது. அதற்குத் தெரிந்தது அடுக்கு மட்டும்தான். ஒன்றை உயர்ந்தது என்று சொன்ன நொடியில் அதற்குக் கீழே ஒன்று உருவாகிவிடுகிறது. உயர்சாதி, உயர்குலம் என்ற சொற்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

‘மேல்’ ஒன்றும் குற்றமற்ற சொல் இல்லை, அதுவும் ‘மேல்சாதி’யில் இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். சொல்லை மாற்றினால் சாதி போய்விடும் என்று நான் சொல்லவில்லை. இந்தச் சொல்லை வைத்து யாரை எண்ணுகிறார்கள், யாரை விடுகிறார்கள், யாருக்குப் பணம் போகிறது, யார் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

‘உயர்’ எங்கே தொடங்குகிறது என்பதே நிலையான கணக்கு இல்லை. 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வரும்வரை பள்ளிப்படிப்பு பதினொன்றாம் வகுப்போடு முடிந்தது. அதற்குப்பின் பி.யூ.சி. என்ற ஓராண்டைக் கல்லூரிக்குப் போய்ப் படித்தார்கள். பி.யூ.சி. படித்த தாத்தா ஊரில் ‘காலேஜ் படித்தவர்’. அதே அளவு படித்த பேரன் இன்று ‘ப்ளஸ் டூ பையன்’. கோட்டை நிர்வாகம்தான் போட்டது, நிர்வாகமே நகர்த்தியது.

இன்றைய கோடு எங்கே இருக்கிறது? ஒன்றியக் கல்வி அமைச்சகம் நடத்தும் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின் வரையறைப்படி, 12 ஆண்டுப் பள்ளிப்படிப்புக்குப் பிறகு குறைந்தது 9 மாதம் முழுநேரமாகப் படிப்பது உயர்கல்வி. அல்லது 10 ஆண்டுப் பள்ளிப்படிப்புக்குப் பிறகு குறைந்தது 3 ஆண்டு படிப்பது உயர்கல்வி. இதன்படி பாலிடெக்னிக் உள்ளே வந்துவிடும். பத்தாவதுக்குப் பிறகு ஓராண்டோ ஈராண்டோ படிக்கும் ஐடிஐ வெளியே நின்றுவிடும். அந்த அம்மாவின் மகள் கணக்கில் உண்டு. சின்னவன் வகுப்பில் இருந்த வரை உண்டு. பெரியவன் ஒருநாளும் கணக்கில் இருந்ததில்லை.

இந்த ஆய்வின் 2021-22 அறிக்கைப்படி 18 முதல் 23 வயதுக்கான மொத்தச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4. தமிழ்நாட்டில் 47. நாம் இதைப் பெருமையாகச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும், நூறாண்டு இடஒதுக்கீட்டுப் போராட்டமும் சத்துணவும் அரசுக் கல்லூரிகளும் சேர்ந்து கொண்டுவந்த எண் அது. அதே அறிக்கையில் இந்திய அளவில் பட்டியல் சாதியினரின் விகிதம் 25.9, பழங்குடியினரின் விகிதம் 21.2. இந்த இடைவெளியையும் விடாமல் பேசுகிறோம். ஆனால் எண்ணுக்கு வெளியே இருப்பவர்கள் யார் என்று நாம் கேட்பதில்லை. ஐடிஐ முடித்தவரும் பத்தாவதில் நின்றவரும் பள்ளிக்கே போகாதவரும் அங்கே ஒரே இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

புள்ளிவிவரத்துக்கு ஏதோ ஒரு கோடு வேண்டும் என்பது எனக்கும் தெரியும். கணக்குக்காகப் போட்ட கோடு மரியாதையின் கோடாக மாறிவிடுவதுதான் ஆபத்து. நினைத்தால் அந்தக் கோட்டை நகர்த்தவும் முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் முழுப்பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய ஒரு பெண்ணின் பெயரில் முன்பு இருந்தது திருமண நிதியுதவி. கல்யாணம் இருந்த இடத்துக்குப் படிப்பு வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். இந்தத் திட்டத்தில் பட்டப்படிப்பு, பட்டயப்படிப்பு மட்டுமல்ல, ஐடிஐயும் சேர்த்திதான். ஒரே மாநிலத்தில் ஒரே பெண், ஒன்றிய அரசின் அறிக்கையில் உயர்கல்வியில் இல்லை, மாநில அரசின் திட்டத்தில் இருக்கிறார்.

ஐடிஐக்கு மட்டும் ஏன் இந்த நிலை? இரண்டு வருடம் என்பது வெளிக்காரணம். ஐடிஐயில் கை வேலை செய்கிறது, கையில் எண்ணெய் படுகிறது என்பதுதான் சமூகம் வெளியே சொல்லாத காரணம். ஃபிட்டர் ஒருவர் வரைபடத்தைப் படிக்கிறார், மைக்ரோமீட்டரில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளக்கிறார். இரும்பு எந்தச் சூட்டில் எவ்வளவு விரியும் என்று கணக்கிடுகிறார். பத்து வருடமாகப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. இருந்தும் நான் ‘உயர்’, அவர் ‘தொழில்’. கைக்கும் மூளைக்கும் நடுவே இப்படிச் சுவர் எழுப்பியது கல்வித்துறை அல்ல. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்வோரையே மேல்கீழாகப் பிரித்து வைப்பது என்று 1936இல் ‘சாதியை அழித்தொழித்தல்’ உரையில் அம்பேத்கர் காட்டிய சுவர் அதுதான். கல்வித்துறை அதற்குச் சுண்ணாம்பு அடித்துப் புதுப் பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறது.

இந்த அடுக்கு ஐடிஐயோடு நிற்பதில்லை. ஐடிஐக்கு மேல் பாலிடெக்னிக், அதற்கு மேல் கலைக் கல்லூரி, அதற்கு மேல் பொறியியல், அதற்கும் மேலே ஐஐடி. ஒவ்வொரு படியில் இருப்பவரும் மேலே பார்த்து ஏங்கவும் கீழே பார்த்து முகம் சுளிக்கவும் பழக்கப்படுகிறார். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதன் இலக்கணம் இங்கே அப்படியே பொருந்துகிறது.

உச்சிப் படியில் என்ன நடக்கிறது? ஒன்றிய அரசே 2023 டிசம்பரில் மக்களவையில் பதில் சொன்னது. மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்களிலிருந்து அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் வெளியேறிய பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,600க்கும் மேற்பட்டோர். அவர்கள் வேறு படிப்புக்கு மாறியிருக்கலாம் என்பது அரசின் விளக்கம். இருக்கலாம். ஆனால் விடுதியில் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று விசாரிக்கப்பட்டவர்களுக்கு, நுழைவுத்தேர்வில் என்ன ரேங்க் என்று முதல் நாளே கேட்கப்பட்டவர்களுக்கு, அந்த உயரத்தில் காற்று எவ்வளவு குறைவு என்பது தெரியும்.

சட்டத்திலும் இந்தச் சொல்லுக்கு அதிகாரம் உண்டு. 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஒன்றியப் பட்டியலின் 66ஆவது பதிவைக் குறைவாகத்தான் பேசுகிறோம். உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஒன்றியத்துக்கு என்கிறது அந்தப் பதிவு. ‘உயர்’ வந்தால் கூடவே ‘தரம்’ வருகிறது, தரம் வந்தால் ‘தகுதி’ வருகிறது. மேல்நிலைத் தேர்வில் 1200க்கு 1176 எடுத்த அரியலூர் அனிதாவைத் தகுதி போதாதவர் ஆக்கியது இந்தச் சங்கிலிதான்.

இதையெல்லாம் முதலில் கேட்டவர்கள் நாம் இல்லை. 1882இல் ஹண்டர் தலைமையிலான கல்விக் குழுவுக்கு ஜோதிராவ் புலே ஒரு மனு கொடுத்தார். உழவர்களின் உழைப்பிலிருந்து வரும் வரிப்பணம் மேல்சாதியாரின் உயர்கல்விக்குப் போகிறது, மேலே ஊற்றினால் கீழே சொட்டும் என்ற கொள்கை பொய்த்துவிட்டது என்பது அவர் வாதம். அவர் கல்லூரிகளை மூடச் சொல்லவில்லை. மேலே நிற்பவர்கள் கீழே சொட்டவிடுவார்கள் என்று நம்பச் சொல்லாதீர்கள், எல்லாருக்கும் அடிப்படைக் கல்வியைக் கொடுங்கள் என்றார்.

இந்த இடத்தில் தோழர்கள் ஓர் எச்சரிக்கை மணி அடிப்பார்கள், அடிக்கவும் வேண்டும். ‘எல்லாப் படிப்பும் சமம், கைத்தொழிலும் கல்விதான்’ என்று நாம் பேசினால் அது யார் வாய்க்குப் போய்ச் சேரும்?

அந்த வாயைத் தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1953இல் ராஜாஜி அரசு தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளை வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றது. அப்போதும் ‘உழைப்பின் மரியாதை’தான் பேசப்பட்டது. பெரியார் அதைக் குலக்கல்வி என்று சரியாகப் பெயரிட்டு எதிர்த்தார். 1954இல் முதல்வரான காமராஜர் அதைக் கைவிட்டார். ஒரு சொல்லைச் சரியாக வைப்பது எப்படி ஒரு திட்டத்தையே வீழ்த்தும் என்பதற்கு ‘குலக்கல்வி’யை விட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

2023 செப்டம்பரில் வந்த விஸ்வகர்மா திட்டம் அதே வாய்தான். செருப்புத் தைத்தல், முடிதிருத்தல், துணி வெளுத்தல், மண்பாண்டம் உட்பட 18 தொழில்கள், குறைந்தபட்ச வயது 18. கல்லூரி வாசலில் நிற்க வேண்டிய வயதில் பையனிடம் ‘உங்கப்பன் தொழிலுக்குக் கடன் தருகிறோம்’ என்பது உதவி அல்ல. குடும்பம் வழிவழியாக அந்தத் தொழில் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கச் சொல்லியும், வயதை 35 ஆக்கச் சொல்லியும் தமிழ்நாடு அரசு கேட்டது. ஏற்கப்படாததால் 2024 நவம்பரில் அந்த வடிவில் நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று அறிவித்தது. பிறகு 35 வயது நிபந்தனையோடு கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது.

தேசியக் கல்விக் கொள்கை 2020இன் பல வழி வெளியேற்றமும் இந்த வரிசையில் வருவதுதான். பட்டப்படிப்பில் ஓராண்டோடு போனால் சான்றிதழ், ஈராண்டோடு போனால் பட்டயம். கதவு எல்லாருக்கும் ஒன்றுதான் என்பார்கள். ஆனால் கட்டணம் கட்ட முடியாமல் அந்தக் கதவு வழியே போகப்போகிறவர் யார் என்று நமக்குத் தெரியும்.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ‘உனக்கு ஐடிஐ போதும்’ என்பது சாதி. ‘ஐடிஐ எல்லாம் ஒரு படிப்பா’ என்பதும் சாதி. முதல் வாக்கியம் நம்மைக் கீழே உட்கார வைக்கிறது, இரண்டாவது கீழே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறது. முன்னதை எதிர்ப்பதில் நமக்கு நல்ல பயிற்சி இருக்கிறது. பின்னதை நாமே அவ்வப்போது சொல்லிவிடுகிறோம். ஏறியவர் யார் என்பதை மட்டும் பார்த்துக் கொண்டாடும் நம் சுவரொட்டிகளைப் பாருங்கள். மருத்துவர், ஆட்சியர், முனைவர் என்று வாழ்த்துகிறோம். ஃபிட்டர் ஆனவருக்கு யாரும் ஃபிளக்ஸ் வைப்பதில்லை. நம் வாசிப்பு வட்டங்களில் ‘எங்கே படிக்கிறீங்க தோழர்?’ என்ற கேள்வி சுற்றி வரும்போது பல்கலைக்கழகத்தின் பெயரைச் சத்தமாகச் சொல்கிறோம். ஐடிஐயில் படிப்பவர் முணுமுணுத்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வராமல் போகிறார். நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் என்ன சொல் வைக்கலாம்? புதிதாகத் தேட வேண்டியதில்லை. நம்மிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்காக 1944இல் தொடங்கிய உதவித்தொகையின் பெயர் ‘மெட்ரிக் பிந்தைய’ கல்வி உதவித்தொகை. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு அம்பேத்கர் வைஸ்ராயிடம் கொடுத்த மனுவில், நம் மாணவர்கள் உயர்ந்த அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கும் வெளிநாட்டுப் படிப்புக்கும் போக அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அவர் உச்சியைக் கேட்கத் தயங்கவில்லை. ஆனால் திட்டத்துக்கு அமைந்த பெயரில் ‘உயர்’ இல்லை, ‘பிந்தைய’ இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு, ஐடிஐ, பாலிடெக்னிக், இளங்கலை, மருத்துவம், முனைவர் பட்டம் எல்லாம் இன்றும் அந்த ஒரே குடைக்குள் வருகின்றன. திண்ணையில் அந்த அம்மா சொன்ன ‘பத்துக்கு மேல’தான் அது.

‘உயர்’ என்று நினைத்தால் யார் உள்ளே வரத் தகுதியானவர் என்ற கேள்வி முதலில் வரும். ‘மேற்கொண்டு’ என்று நினைத்தால் யார் எங்கே நின்றார், ஏன் நின்றார் என்ற கேள்வி முதலில் வரும். நாம் அரசிடம் கேட்க வேண்டியவை இரண்டாவது கேள்வியிலிருந்துதான் பிறக்கும்.

பத்தாவதுக்குப் பின் என்னவெல்லாம் படிக்கிறார்கள் என்பதை ஐடிஐ உட்பட ஒரே அறிக்கையில், சாதிவாரியாக வெளியிடச் சொல்ல வேண்டும். ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டிலும், பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியலின் இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேர வழி இருக்கிறது. அந்த வழி இருப்பதே பல பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. அதைப் பள்ளியிலேயே சொல்ல வேண்டும், அப்படி வருகிறவர்களுக்குக் கணக்கிலும் ஆங்கிலத்திலும் தனி வகுப்பு நடத்த வேண்டும். மெட்ரிக் பிந்தைய உதவித்தொகைக்கான 2.5 லட்சம் ரூபாய் வருமான வரம்பை உயர்த்த வேண்டும். அதைவிட முக்கியம், பணம் கட்டணக் கெடுவுக்கு முன் கைக்கு வர வேண்டும். ஒன்றியம் 60, மாநிலம் 40 என்ற பங்கீட்டில் யார் தாமதித்தாலும் வகுப்பறைக்கு வெளியே நிற்பது மாணவர்தான்.

மறுவாரம் பதினேழாவது கேள்வியை மாற்றி எழுதிக்கொண்டு அதே தெருவுக்குத் திரும்பப் போனேன். ‘உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புக்கு மேல் யார் யார், என்ன படித்தார்கள்? நின்றிருந்தால் ஏன்?’ முதல் முறை சுழியம் எழுதிய வீடுகளில் பலவற்றில் எண்கள் வந்தன. தட்டச்சு, டெய்லரிங் டிப்ளமோ, ஆசிரியர் பயிற்சி, அஞ்சல்வழிப் பட்டம் என்று பட்டியல் நீண்டது. பாதியில் நின்றவர்களின் பட்டியல் அதைவிட நீளம்.

அந்த அம்மாவின் தாளில் சுழியத்தை அடித்துவிட்டு 3 என்று எழுதினேன். சின்னவன் ஏன் நின்றான் என்று கேட்டேன். அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனது, கட்டணம் கட்டச் சொன்ன நாளில் உதவித்தொகை வரவில்லை, பையன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “அவனுக்கு இருபத்தோரு வயசுதாம்மா ஆவுது. வுட்ட எடத்துலேர்ந்து மேல படிக்க வழி இருக்கா?”

என் கேள்வித்தாளில் நாற்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. அவர் கேட்டது அதில் இல்லை.